வானத்தில் பள்ளம் இல்லை, ஆனாலும் விமானம் குலுங்குகிறது

கேள்வி இதுதான்: மேகமே இல்லாத வானத்தில் போகும்போதும் விமானம் ஏன் திடீரென்று குலுங்குகிறது? எங்கே, எப்போது அது அதிகம்? விமானிகளுக்கு முன்கூட்டியே தெரியாதா? இப்போதெல்லாம் குலுக்கல் கூடிவிட்டது என்கிறார்களே, உண்மையா?

சுருக்கமாகச் சொன்னால், காரணம் ஒன்றல்ல, நான்கைந்து. ஒவ்வொன்றுக்கும் தனி இடம், தனிப் பருவம், தனி நேரம் உண்டு. பெரும்பாலானவற்றை முன்பே கணிக்கலாம். ஒன்றிரண்டு மட்டும் சொல்லாமல் வரும். விமானத்தை உடைக்கும் அளவுக்கான குலுக்கல் மிக மிக அபூர்வம். பெல்ட் போடாத ஒருவரின் எலும்பை உடைக்கும் அளவுக்கான குலுக்கலோ ஒவ்வொரு ஆண்டும் எங்கேயாவது நடந்துகொண்டுதான் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் தேவையில்லாத இடத்தில் பயமும், தேவையான இடத்தில் அலட்சியமும் வருகின்றன.

முதலில் ஒரு விஷயத்தைத் தள்ளிவிடலாம். காற்றே இல்லாத வெற்றிடத்தில் விமானம் 'விழுகிறது' என்பது கட்டுக்கதை. அப்படி ஓர் இடம் வானத்தில் கிடையாது. நடப்பது வேறு. பெரிய பயணிகள் விமானம் நொடிக்குச் சுமார் 250 மீட்டர் வேகத்தில் போகிறது. இறக்கை எதிர்க்காற்றைச் சந்திப்பது வெறும் இரண்டு, மூன்று டிகிரி சாய்வில்தான். அந்த நேரத்தில் கீழிருந்து நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஒரு காற்று மேலெழுந்தால், சாய்வு இன்னும் இரண்டு டிகிரிக்கு மேல் கூடிவிடும். தூக்குவிசை சட்டென்று எகிறும். அடுத்த கணமே கீழ்நோக்கிய காற்றுக்குள் நுழைந்தால் அதே வேகத்தில் தூக்குவிசை குறையும். குலுக்கல் என்பது இவ்வளவுதான்.

காற்றுச் சுழலின் அளவும் முக்கியம். கையளவு சுழல்களை அந்தப் பெரிய உடல் உணர்வதே இல்லை. பல கிலோமீட்டர் அகலமானவற்றில் விமானம் நிதானமாக ஏறி இறங்கும், காபி கூடச் சிந்தாது. ஏறக்குறைய 100 மீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரையுள்ள சுழல்கள்தான் வம்பு. அவற்றை அரை நொடியிலிருந்து நான்கு நொடிக்குள் கடந்துவிடுகிறோம். உடம்பைத் தூக்கி எறிவதற்கு ஏற்ற நேரம் அதுதான்.

இதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ 321 விமானம், மியான்மருக்கு மேலே 37,000 அடியில் பறந்துகொண்டிருந்தது. வளர்ந்துகொண்டிருந்த இடிமேகக் கூட்டத்தின் மேலே அது போயிருக்கக்கூடும் என்பது புலனாய்வாளர்களின் முதற்கட்ட அறிக்கை. முதலில் லேசான அதிர்வு. யாரும் இயக்காமலே விமானம் 37,362 அடி வரை எழும்பியது. பெல்ட் விளக்கு போட்டாயிற்று என்று விமானி ஒருவர் சொன்னது காக்பிட் ஒலிப்பதிவில் இருக்கிறது. அடுத்த எட்டே நொடியில், உள்ளே இருந்தவர்கள் உணர்ந்த எடை இயல்பைவிடச் சற்றுக் கூடிய நிலையிலிருந்து (1.35 ஜி) எதிர்த்திசையில் ஒன்றரை மடங்குக்கு (மைனஸ் 1.5 ஜி) மாறியது. அதற்கு ஆன நேரம் 0.6 நொடி. பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள். அடுத்த நான்கு நொடிக்குள் பிளஸ் 1.5 ஜி, அதாவது மேலே போனவர்கள் ஒன்றரை மடங்கு எடையோடு கீழே விழுந்தார்கள். ஒரு பயணி உயிரிழந்தார், பலர் காயமடைந்தார்கள்.

இதில் விமானம் இழந்த உயரம் எவ்வளவு? 178 அடி. செய்திகளில் வந்த '6,000 அடி வீழ்ச்சி' என்பது சுமார் கால் மணி நேரம் கழித்து, பாங்காக்கை நோக்கித் திரும்பியபோது விமானிகள் தாங்களாகவே, கட்டுப்பாட்டோடு இறக்கியது. அவ்வளவு பேரைக் காயப்படுத்தியது உயர இழப்பு அல்ல, அந்த 0.6 நொடி. விழுந்த அடிக்கணக்கை வைத்துக் குலுக்கலை அளக்கும் பழக்கத்தை இதனால்தான் விட்டுவிட வேண்டும் என்கிறேன்.

சரி, காரணங்களுக்கு வருவோம்.

எளிமையானது தரைச்சூடு. வெயிலில் காய்ந்த நிலம் மேலிருக்கும் காற்றைச் சூடாக்கி எழுப்புகிறது. பக்கத்தில் ஏரியோ காடோ இருந்தால் அங்கே காற்று இறங்குகிறது. இறங்கும் விமானம் இவற்றை மாறிமாறிக் கடக்கும்போது தடதடக்கிறது. பிற்பகலில் உச்சம், அதிகாலையில் அநேகமாக இல்லை. தரையிலிருந்து சில ஆயிரம் அடி தாண்டினால் தீர்ந்துபோகும். எரிச்சல் தருமே தவிர, பெரும்பாலும் ஆபத்தில்லை.

மலைகள் அப்படியில்லை. ஆற்றில் மூழ்கிக் கிடக்கும் பாறையைத் தாண்டிய தண்ணீர், பாறைக்குப் பின்னால் அலையலையாக எழுவதைப் பார்த்திருப்பீர்கள். பலத்த காற்று ஒரு மலைத்தொடரைக் குறுக்காகக் கடக்கும்போதும் அதேதான் நடக்கிறது. காற்றடுக்கு நிலையாக இருந்தால் அந்த அலைகள் மலையைத் தாண்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் நீளும். உயரத்திலும் மலை உச்சியைவிடப் பல மடங்கு மேலே ஏறும். அலை ஒழுங்காக இருக்கும்வரை பயணம் மெத்தென்று இருக்கும். அலை உடையும் இடத்திலும், மலைக்குப் பின்னால் தாழ்வாக உருளும் சுழல் பகுதியிலும்தான் அடி விழும். ராக்கி, ஆண்டிஸ், ஆல்ப்ஸ், கிரீன்லாந்து, இமயமலை என்று எங்கெல்லாம் உயரமான தொடர் பலத்த காற்றுக்குக் குறுக்கே நிற்கிறதோ அங்கெல்லாம் இது உண்டு. காற்றில் ஈரம் இருந்தால் அலையின் மேடுகளில் லென்ஸ் வடிவ மேகங்கள் அசையாமல் நிற்கும், விமானிக்கு அது எச்சரிக்கைப் பலகை. ஈரம் இல்லாவிட்டால் பலகையும் இல்லை.

1966 மார்ச் 5 அன்று தோக்கியோவிலிருந்து கிளம்பிய பிஓஏசி நிறுவனத்தின் போயிங் 707 ஒன்று, தெளிந்த வானத்தில் ஃபூஜி மலைக்கு அருகே இந்த அலைக் கொந்தளிப்பில் சிக்கி உடைந்து விழுந்தது. 124 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1964 ஜனவரியில், அமெரிக்காவில் சோதனைப் பறப்பில் இருந்த பி-52 குண்டுவீச்சு விமானம் ஒன்று மலைக்கு அருகே தன் செங்குத்து வாலை ஏறக்குறைய முழுவதுமாக இழந்தது. அந்த நிலையிலேயே பல மணி நேரம் பறந்து பத்திரமாகத் தரையிறங்கியது என்பது இன்று படித்தாலும் நம்ப முடியாத சங்கதி. 1992 டிசம்பரில் டென்வர் அருகே ஒரு டிசி-8 சரக்கு விமானம் ஓர் எஞ்சினையும் இறக்கையின் ஒரு பகுதியையும் பறிகொடுத்துவிட்டுத் தரையிறங்கியிருக்கிறது. குலுக்கல் விமானத்தையே சிதைக்கும் என்பதற்குப் பழைய பதிவுகளில் தேடினால், இப்படி மலையோ இடிமேகமோதான் அநேகமாக நிற்கும்.

அடுத்தது, கேள்வியில் வந்த 'மேகமே இல்லாத வானம்'. இதன் முக்கிய ஊற்று ஜெட் ஸ்ட்ரீம் என்னும் அதிவேகக் காற்றோட்டம். ஏறக்குறைய 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், அதாவது பயணிகள் விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்று இது. குளிர்காலத்தில் இதன் வேகம் சில இடங்களில் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். ஆனால் வேகம் மட்டும் குலுக்காது. ஒரே சீராக ஓடும் காற்று எவ்வளவு வேகமாக இருந்தாலும் விமானம் அதனோடு சேர்ந்து மிதந்து போகும். அந்தக் காற்றோட்டத்தின் விளிம்பில்தான் பிரச்சினை. ஆயிரம் அடி மேலே போனால் ஒரு வேகம், ஆயிரம் அடி கீழே வந்தால் இன்னொரு வேகம். ஒன்றின்மேல் ஒன்றாக வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு அடுக்குகளின் எல்லை அலையாக வளைந்து, சுருண்டு, கடைசியில் உடைந்து சிதறுகிறது. இதற்குக் கெல்வின்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் நிலையின்மை என்று பெயர். எப்போதாவது அங்கே மெல்லிய மேகம் இருந்தால், வரிசையாகச் சுருண்ட கடலலைகள் மாதிரியே வானத்தில் தெரியும்.

எப்போது உடையும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. காற்றடுக்கின் நிலைத்தன்மை அதை அடக்கி வைக்கப் பார்க்கிறது, வேக வேறுபாடு குலைக்கப் பார்க்கிறது. இந்த இரண்டின் விகிதத்தை ரிச்சர்ட்சன் எண் என்பார்கள். அது கால் பங்குக்குக் கீழே இறங்கினால் அடுக்கு உடைந்து கொந்தளிக்கத் தொடங்கும். நடைமுறையில் ஆயிரம் அடி உயரத்துக்கு ஐந்தாறு நாட் (மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர்) அளவுக்கு மேல் காற்றின் வேகம் மாறினால் உஷாராக வேண்டும் என்பது விமானிகளின் கைக்கணக்கு. ஜெட் ஸ்ட்ரீமின் குளிர்ந்த பக்கம், அதாவது துருவத்தை ஒட்டிய பக்கம், பொதுவாக மோசம். காற்றோட்டம் கூர்மையாக வளையும் இடங்களும், இரண்டு காற்றோட்டங்கள் நெருங்கும் இடங்களும் அப்படித்தான். குளிர்கால வட அட்லாண்டிக், ஜப்பானை ஒட்டிய வடமேற்கு பசிபிக் ஆகியவை இதற்குப் பேர்போன வழித்தடங்கள்.

இந்தக் கொந்தளிப்பு அடுக்குகள் பக்கவாட்டில் பரந்து கிடந்தாலும், தடிமன் பெரும்பாலும் சில ஆயிரம் அடிதான். அதனால்தான் குலுக்கல் தொடங்கியதும் விமானிகள் பக்கவாட்டில் விலகுவதைவிட, கட்டுப்பாட்டு மையத்திடம் வேறு உயரம் கேட்பதை அதிகம் பார்க்கலாம். இரண்டாயிரம் அடி ஏறினாலோ இறங்கினாலோ பல நேரம் எல்லாம் அடங்கிவிடும்.

இடிமேகம் இன்னொரு வகை, என் கணிப்பில் இருப்பதிலேயே மோசமானது. நன்கு வளர்ந்த ஒன்றின் உள்ளே காற்று நொடிக்கு 20, 30 மீட்டர் வேகத்தில் மேலெழும். பக்கத்திலேயே பலமாகக் கீழிறங்கும். எந்த விமானியும் தெரிந்தே அதற்குள் போகமாட்டார். குறைந்தது 20 கடல் மைல் விலகிப்போ என்பது பால பாடம். சிக்கல் என்னவென்றால், கொந்தளிப்பு மேகத்தின் எல்லையோடு நிற்பதில்லை. மேலே சீறும் மேகம் சுற்றியுள்ள தெளிந்த காற்றையும் இடித்து அலைக்கழிக்கிறது, உச்சிக்கு மேலேயும் பக்கங்களிலும்.

வெப்பமண்டலத்தில் இது இன்னும் கடினம். வானிலை நிகழும் அடுக்கின் மேல் எல்லை துருவப் பகுதியில் 8, 9 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூமத்தியரேகையை ஒட்டி அது 16, 17 கிலோமீட்டர். விமானம் பறப்பதோ 10 முதல் 12 கிலோமீட்டரில். ஆக அங்கே மேகத்தைத் தாண்டி மேலே போவது என்ற பேச்சுக்கே இடமில்லை, சுற்றித்தான் போக வேண்டும். நிலத்தின்மேல் இடிமேகங்கள் மாலையில் உச்சம் தொடும். கடலின்மேல் பெரும்பாலும் பின்னிரவிலும் விடியலிலும்.

விமானத்தின் மூக்கில் ரேடார் இருக்கிறதே என்று கேட்கலாம். அது காற்றைப் பார்ப்பதில்லை, மழைத்துளியைப் பார்க்கிறது. மேகத்தின் உச்சியில் இருப்பது உலர்ந்த பனித்துகள்கள். அவை ரேடார் அலையை மிகக் குறைவாகவே திருப்பி அனுப்பும். கீழிருந்து ஒரு புதிய கோபுரம் வேகமாக எழுந்து வரும்போது, ரேடாரைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பார்க்காவிட்டால் திரையில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். 2022 டிசம்பர் 18 அன்று ஹொனலுலுவை நெருங்கிக்கொண்டிருந்த ஹவாயன் ஏர்லைன்ஸின் ஏ330 விமானத்துக்கு எதிரே, புகை எழுவதுபோல ஒரு மேகம் சில நொடிகளில் செங்குத்தாக எழும்பியது, விலக நேரமே இல்லை என்று விமானி பின்னர் சொன்னார். இரண்டு டஜன் பேர் அளவில் காயமடைந்தார்கள். தெளிந்த வானக் குலுக்கல் என்று செய்திகளில் வரும் பல சம்பவங்களைத் துருவிப் பார்த்தால், பக்கத்தில் ஓர் இடிமேகம் ஒளிந்திருக்கும்.

கடைசிக் காரணம் இன்னொரு விமானம். ஒவ்வொரு இறக்கை நுனியிலிருந்தும் ஒரு சுழல் கிளம்புகிறது. கனமான விமானம் மெதுவாகப் பறக்கும்போது அது மிகவும் வலுக்கும். அந்த இரட்டைச் சுழல் நிமிடத்துக்குச் சில நூறு அடி வீதம் மெல்லக் கீழே இறங்கும். விமான நிலையங்களில் பெரிய விமானத்துக்குப் பின் சிறியது இறங்க இரண்டு, மூன்று நிமிட இடைவெளி விடுவது இதற்காகத்தான். உலகின் மிகப் பெரிய பயணிகள் விமானமான ஏ380க்கு மட்டும் 'சூப்பர்' என்று தனி வகையே வைத்திருக்கிறார்கள். உயரப் பறக்கும்போதும் இது நடக்கும். 2017 ஜனவரியில் அரபிக்கடலுக்கு மேலே எதிரே வந்த ஒரு ஏ380, ஒரு சிறிய சாலஞ்சர் 604 ஜெட்டுக்கு ஆயிரம் அடி மேலாகக் கடந்துபோனது. சற்று நேரத்தில் அந்தச் சுழலில் சிக்கிய சிறிய ஜெட் பல முறை உருண்டு, ஆயிரக்கணக்கான அடி உயரம் இழந்த பிறகே கட்டுக்குள் வந்தது. பெரிய விமானத்தில் இருக்கும் உங்களுக்கு இது ஒரே ஒரு 'டக்' என்ற அடியாகத் தெரியும், அதோடு சரி.

முன்கூட்டியே தெரியாதா என்ற கேள்விக்குப் பதில்: துல்லியமான இடம் தெரியாது, வாய்ப்பு தெரியும். வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் ஜெட் ஸ்ட்ரீமையும் மலை அலைகளையும் நன்றாகவே கணிக்கின்றன. ஆனால் அவை வானத்தைப் பிரித்துப் பார்க்கும் கட்டங்கள் பல கிலோமீட்டர் அகலமானவை, நம்மைக் குலுக்கும் சுழலோ சில நூறு மீட்டர்தான். அதனால் 'இந்தப் பகுதியில், இந்த உயரத்தில், வாய்ப்பு அதிகம்' என்று ஒரு வரைபடம் கிடைக்குமே தவிர, எந்த நிமிடம் என்று கிடைக்காது. இந்த இடைவெளியை நிரப்புவது முன்னே போகும் விமானங்களின் தகவல். முன்பு விமானி ரேடியோவில் 'மிதமான குலுக்கல்' என்று சொல்வார். ஆனால் சிறிய விமானத்துக்கு மிதமானது பெரியதற்கு ஒன்றுமே இல்லை. இப்போது பல விமானங்கள், காற்றுச் சுழல் எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்ற அளவைக் கணக்கிட்டுத் தாமாகவே அனுப்புகின்றன. இது காற்றின் அளவு, விமானத்தின் உணர்வு அல்ல. உலக அளவில் 0.45ஐத் தாண்டினால் கடுமையானது என்று வகுத்திருக்கிறார்கள். இந்தப் பகிர்வு பரவுவதுதான் சமீபத்தில் நடந்த உருப்படியான முன்னேற்றம் என்பது என் கருத்து.

அதிகமாகிவிட்டதா? வட அட்லாண்டிக்கில் ஆம். 2023இல் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்குப்படி, அந்தக் கடற்பகுதியின் ஒரு சராசரிப் புள்ளியில் கடுமையான தெளிந்தவானக் கொந்தளிப்பு 1979இல் ஆண்டுக்கு 17.7 மணி நேரமாக இருந்தது, 2020இல் 27.4 மணி நேரமாகியிருக்கிறது. 55 விழுக்காடு உயர்வு. புவி வெப்பமாதலில் வளிமண்டலத்தின் எல்லா உயரங்களும் ஒரே மாதிரி சூடாவதில்லை. விமானம் பறக்கும் உயரத்தில் வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு கூடுகிறது, அதனால் காற்றின் வேகம் உயரத்தோடு மாறும் அளவும் கூடுகிறது. பயமுறுத்தும் தலைப்புகளில் விட்டுப்போவது ஒன்றுண்டு: 27 மணி நேரம் என்பது ஓர் ஆண்டின் 8,760 மணி நேரத்தில் 0.3 விழுக்காடு. உயர்வு உண்மை, ஆனால் உயர்ந்த பிறகும் அது அரிதே.

விமானம் தாங்குமா? பயணிகள் விமானங்கள் இயல்பு எடையின் 2.5 மடங்கு சுமையைச் சேதமின்றித் தாங்க வேண்டும், அந்த வரம்புச் சுமையைப் போல் ஒன்றரை மடங்கு வரை உடையாமல் நிற்க வேண்டும் என்பது விதி. போயிங் 777இன் இறக்கையை 1995இல் வேண்டுமென்றே வளைத்து உடைத்துப் பார்த்தார்கள். வரம்புச் சுமையின் 154 விழுக்காட்டில்தான் முறிந்தது. நுனி அப்போது 7 மீட்டருக்கு மேல் வளைந்திருந்தது. ஜன்னல் வழியே இறக்கை ஆடுவதைப் பார்த்துப் பதறவேண்டாம், ஆடாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

மனிதர்கள் விஷயம் வேறு. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கணக்கில், 2009 முதல் 2022 வரை குலுக்கலால் பலத்த காயமடைந்தவர்கள் 163 பேர். அதில் 129 பேர் கேபின் ஊழியர்கள். எழுந்து நடமாடிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தானே. உட்கார்ந்திருக்கும்போது விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் பெல்ட்டை இடுப்பெலும்போடு ஒட்டிப் போட்டுக்கொண்டிருந்தால், இந்தப் பட்டியலில் சேரும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. எஸ்கியூ 321இல் விளக்கு எரிந்த பிறகு கிடைத்த நேரத்தை நினைத்துப் பாருங்கள், பெல்ட்டின் இரண்டு முனைகளையும் தேடி எடுக்கவே அது போதாது.

குலுக்கல் பிடிக்காதவர்கள் இறக்கைக்கு நேரான இருக்கையைக் கேட்டு வாங்கலாம். விமானத்தின் எடைமையம் அங்கே இருப்பதால் ஆட்டம் குறைவு, வால் பக்கம் அதிகம். வெயில் காலத்தில் காலை விமானம் நல்லது. மடியில் வைத்திருக்கும் குழந்தையைக் கையால் பிடித்துக்கொள்ளலாம் என்று நம்பவேண்டாம், மைனஸ் ஒன்றரை ஜியில் எந்தக் கையும் பிடிக்காது. முடிந்தால் குழந்தைக்குத் தனி இருக்கை எடுத்து, விமானத்தில் பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட குழந்தை இருக்கையில் கட்டிவிடுங்கள். கழிவறைக்குப் போகும் வழியில் திடீரென்று பலமாகக் குலுங்கினால், உங்கள் இடத்துக்குத் திரும்ப ஓடாதீர்கள். பக்கத்தில் காலியாக எந்த இருக்கை இருந்தாலும் உட்கார்ந்து பெல்ட்டைப் போடுங்கள். அதுவும் இல்லையென்றால் அப்படியே தரையில் உட்கார்ந்து, இருக்கையின் உலோகக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள்.